சோதித்தவர் பெயர்

கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்த ராஜபாண்டி, நடுவில் ஒரு பத்தியை அப்படியே விழுங்கிவிட்டான். விழுங்கியது தெரியாமல் இருக்க இரண்டு தடவை இருமினான். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, கோகிலவாணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டாள். அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்க்கா. கடைசித் தேதி முடிஞ்சிட்டு, இனி மனு வாங்க முடியாதுன்னு போட்டிருக்கான்.”

“அவங்க சைட்டு எனக்கு ஓடலன்னு எழுதியிருந்தேனே. அதுக்கு என்ன சொல்லுதான்?”

“அதுக்கு ஒண்ணும் சொல்லல.”

கோகிலவாணி கையை நீட்டிக் கடிதத்தை வாங்கினாள். ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். “ரெண்டு தாளு இருக்கு. நீ வாசிச்சது அரைத் தாளுக்குக்கூட காணாதே.”

“சர்க்கார் காகஸ்னா அப்படித்தான். பாதி அட்ரஸும் நம்பருமாத்தான் இருக்கும்.”

சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி விஜயலட்சுமி திரும்பிப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு ஏதோ புரிந்துபோயிற்று. அடுப்பைக் கவனிப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். தாராவியில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் ஐந்து பேர் குடியிருக்கும் வீட்டில், முகத்தை ஒளித்துக்கொள்ள வேறு இடம் கிடையாது.

அவன் விழுங்கிய பத்தியில் என்ன இருந்தது என்பதைச் சொல்வதற்கு முன்னால், அவன் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

கடிதம் அனுப்பிய அரசு நிறுவனத்தின் இணையத்தளத்தைக் கட்டிக்கொடுத்தது செம்பூரில் உள்ள ஒரு கம்பெனி. ராஜபாண்டி அங்கே சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறான். தளம் எல்லாருக்கும் பயன்படும் என்று சான்றிதழ் வாங்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கேள்வி: பார்வையற்ற ஒருவர் தளத்தை நேரில் பயன்படுத்திச் சோதித்தாரா? சோதித்தவர் பெயர், ஊனச் சான்றிதழ் எண், கையெழுத்து அல்லது கைரேகை.

மேனேஜர் சாய்நாத் எல்லாரையும் கூப்பிட்டு, யார் வீட்டிலாவது கண் தெரியாதவர்கள் இருக்கிறார்களா என்று இந்தியில் கேட்டார். ராஜபாண்டி கையைத் தூக்கினான். எட்டு வருஷமாக அந்த ஆபீஸில் இருக்கிறான். தனக்கு ஓர் அக்கா உண்டு என்று அவன் அங்கே சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் கல்யாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்த அன்றைக்கும் அக்காவை அடுத்த சந்தில் பட்டறை வைத்திருக்கும் ஷரீஃபுன்னிசா வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டுத்தான் வந்தவர்களுக்கு டீ கொடுத்தார்கள். குடும்பத்தில் எது நல்லது நடந்தாலும் கோகிலவாணியை ஒளித்துவைப்பது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். ஆபீஸுக்கு அவள் தேவைப்பட்டதும் ஒளிவு மறைவெல்லாம் போய்விட்டது.

முறைப்படி அவளைக் கூட்டிவந்து மூன்று நாள் உட்கார வைத்துச் சோதித்திருக்க வேண்டும். “அதெல்லாம் யாரு பாக்குறாங்க, கைரேகைய வாங்கிட்டு வா, வெறும் சம்பிரதாயம்தான்” என்றார் சாய்நாத். கோகிலவாணிக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். ஆனால் கையெழுத்து என்றால் எதற்கு என்று கேட்பாள், வாசித்துக் காட்டு என்பாள். ராஜபாண்டி காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் மைப்பெட்டியைத் திறந்து, “பஸ் பாஸ் புதுப்பிக்கணும்க்கா, வெரல குடு” என்றான். அவள் கொடுத்தாள். ஒட்டியிருந்த மையை அவனே தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டான்.

சான்றிதழ் வந்த அன்று ஆபீஸில் கொடுத்த பேடா டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தான். “எங்க சைட்டு இனி கண்ணு தெரியாதவங்களுக்கும் ஓடும்க்கா. யார் தொணையும் வேண்டாம்” என்றான்.

“எனக்குமா?”

“ஒனக்குந்தான்.”

அந்தப் பொய்யைச் சொல்ல அவனை யாரும் வற்புறுத்தவில்லை. அக்காவின் முகம் மலர்வதைப் பார்க்க ஆசைப்பட்டுச் சொன்னான்.

ஆறு மாதம் கழித்து அதே அரசு நிறுவனம் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு ஆள் கேட்டது. பார்வையற்றவர்களுக்கென்று தனியாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். கோகிலவாணி அஞ்சல் வழியில் பி.ஏ. முடித்தவள். செம்பூரில் ஒரு பயிற்சி மையத்துக்கு இரண்டு வருஷம் போய், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவள். இப்போது ஷரீஃபுன்னிசாவின் பை தைக்கும் பட்டறையில் ஜிப்புகளைத் திறந்து மூட இழுக்கும் ரன்னரைக் கோர்க்கிறாள். வேலைக்கு வயது வரம்பு சலுகையோடு சேர்த்து முப்பத்தைந்து. அடுத்த மாதம் அவளுக்கு முப்பத்தைந்து முடிகிறது. சர்க்கார் வேலைக்கு அவள் போடக்கூடிய கடைசி மனு அது.

மனுவைத் தளத்தில்தான் போட வேண்டும். தம்பியின் பழைய லேப்டாப்பில் மூன்று நாள் அவள் முயன்றாள். பிறந்த தேதியைக் குறிக்கும் இடத்தில் ஒரு நாட்காட்டி திறந்தது. மென்பொருள் அதை வாசிக்கவில்லை. ‘பொத்தான், பொத்தான், பொத்தான்’ என்று மட்டும் சொன்னது. எந்தப் பொத்தான் எதற்கு என்று சொல்லவில்லை. கடைசியில் படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச் சொன்னது. எந்தப் படம், எந்த எழுத்து? பத்து நிமிஷம் ஆனதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னது. முதல் இரண்டு நாளும் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தம்பி கட்டிய தளம், கண் தெரியாதவர்களுக்கு ஓடும் என்று அவனே சொன்ன தளம். தனக்கு ஓடவில்லை என்றால் தான் கற்றது சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

கடைசி நாள் மத்தியானம் வேறு வழியில்லாமல் விஜயலட்சுமியைக் கூப்பிட்டாள். விஜயலட்சுமி எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் நிரப்பிவிட்டாள். அதன் பிறகு தளம் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. கோகிலவாணியின் ஆதார், பேங்க், ஊனமுற்றோர் பென்ஷன் எல்லாவற்றிலும் இருப்பது தம்பியின் நம்பர். அவளுக்கு எதற்கு நம்பர், நாம்தான் இருக்கிறோமே என்று வீட்டில் முடிவு செய்து வெகுகாலம் ஆகிறது. ராஜபாண்டி மீட்டிங்கில் இருந்தான். போனை மௌனத்தில் போட்டு மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தான். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தளத்தை மூடிவிட்டார்கள். ஐந்தரைக்கு அவன் போனைப் பார்த்தபோது ஏழு தடவை எண் வந்து கிடந்தது.

அவள் அழவில்லை. தன் ஈமெயிலில் தானே ஒரு புகார் எழுதி அனுப்பினாள். அதற்கு வந்த பதில்தான் இந்தக் கடிதம்.

மறுநாள் பட்டறையில் ஷரீஃபுன்னிசாவின் மகள் மெஹக் காலேஜ் விட்டு வந்ததும், கோகிலவாணி கடிதத்தை எடுத்து நீட்டினாள். “இத முழுசா வாசி புள்ள. ஒரு எழுத்து விடாத.”

மெஹக் வாசித்தாள். “உங்க புகார ஏத்துக்க முடியாதாம்க்கா. இந்த சைட்ட கண்ணு தெரியாத ஒருத்தங்க மூணு நாள் உக்காந்து டெஸ்ட் பண்ணி, எல்லாப் பக்கமும் நல்லா ஓடுதுன்னு சர்டிபிகேட் கொடுத்திருக்காங்களாம். அதனால நீங்க சொல்லுறதுக்கு ஆதாரம் இல்லையாம். ஆட்சேபணை இருந்தா பதினஞ்சு நாளுக்குள்ள நேர்ல வரலாமாம். டெஸ்ட் பண்ணவங்க பேரு...”

அவள் நிறுத்தினாள்.

“என்ன புள்ள?”

“கோகிலவாணி கோமதிநாயகம்னு போட்டிருக்குக்கா. ரெண்டாவது தாள்ல கைரேகை. கீழ ஊனச் சர்டிபிகேட் நம்பர். வேற யாராவதா இருக்கும்லக்கா?”

“நம்பர வாசி.”

மெஹக் வாசித்தாள். அந்த எண் கோகிலவாணிக்கு மனப்பாடம். பதில் அனுப்பியவர்கள் இரண்டு பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. கையிலிருந்த ரன்னரைக் கோர்த்து முடித்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் ராஜபாண்டி செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள். “என் கைரேகை அங்க எப்படில போச்சு?”

பொய் சொல்ல அவனுக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் அவள் காலடியில் உட்கார்ந்து, “எக்கா, என்னைய செருப்பால அடி” என்றான்.

“அடிச்சா என் மனு உள்ள போயிருமால? மூணு நாளும் எனக்குத்தான் கம்ப்யூட்டர் வரலன்னு நெனச்சேன். படிச்சதெல்லாம் வீணுன்னு நெனச்சேன். அதுக்கு யார அடிக்க?”

அவர்கள் அம்மா மீனாட்சியம்மாள் அதுவரை பேத்தியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். இப்போது பேசினாள். “ஏட்டி, நீ நேர்ல போயி இதச் சொன்னா அவன் வேல போயிரும். இந்த வீடு என்னத்துக்காவும்? பச்சப்புள்ள இருக்கு. ஒனக்கு வேல கெடைக்கலன்னா இப்ப என்ன, சோறு போடாமயா விட்டுட்டோம்? ஒன்னைய ராணி மாதிரி உக்கார வச்சித்தான பாக்கோம்.”

“உக்கார வச்சித்தாம்மா பாக்கிய.”

“அதுல என்ன கொற?”

“வேலன்னா அவனுக்கு இருக்கது மட்டுந்தானாம்மா வேல? அவன் வேல போனா குடும்பம் போச்சு. என் வேல போனா ஒண்ணுமே போகல. அப்படித்தான?”

மீனாட்சியம்மாள் பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். அவள் கெட்டவள் அல்ல. முப்பத்துநாலு வருஷமாக மகளுக்குத் தலை சீவி, சாப்பாடு எடுத்து வைத்து, கையைப் பிடித்துக் கூட்டிப்போனவள். மகளுக்கென்று ஒரு பிழைப்பு இருக்கக்கூடும் என்ற நினைப்பு மட்டும் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

“நீ போயே தீரணும்னா அவனையும் கூட்டிட்டுப் போ” என்றாள் கடைசியில். அவன் கூட இருந்தால் மகள் மனசு இளகும் என்பது அவள் கணக்கு.

வியாழக்கிழமை காலையில் அக்காவும் தம்பியும் செம்பூர் பஸ்ஸில் போனார்கள். இறங்கியதும் கோகிலவாணி எப்போதும்போல் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் விட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தக் கை பட்ட இடம் அவனுக்குச் சுட்டது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று கேட்க நாலைந்து தடவை வாயெடுத்து, கேட்காமலேயே அந்த அரசு நிறுவனத்தின் ஆபீஸ் படி ஏறினான்.

அதிகாரி ஐம்பது வயது அம்மாள். கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு ராஜபாண்டியைப் பார்த்து, “இவங்களுக்கு என்ன கம்ப்ளைண்ட்?” என்று இந்தியில் கேட்டார்.

“கம்ப்ளைண்ட் என்னோடதுதான் மேடம். எங்கிட்டயே கேளுங்க” என்றாள் கோகிலவாணி, இந்தியிலேயே.

அதிகாரி கைரேகைத் தாளைத் திருப்பினார். “இது உங்க ரேகைதானே?”

“ரேகை என்னோடது. சோதிச்சது நான் இல்ல. அந்த சைட்ட நான் மொதமொதலா தொட்டதே மனுப் போடும்போதுதான்.”

அதிகாரி கோப்பிலிருந்த கம்பெனியின் பெயரைப் பார்த்தார், ராஜபாண்டியைப் பார்த்தார், அவன் சட்டைப்பையில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையையும் பார்த்தார். விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது தமிழில் பேசினார்.

“நீங்க தமிழா? நானும் தமிழ்தான், மூணு தலைமுறையா மாட்டுங்கால இருக்கோம். பாருங்கோ, இத பெருசு பண்ணினா கம்பெனி மேல ஆக்‌ஷன், இங்க கையெழுத்துப் போட்டவா மேல என்கொயரி, எங்கெங்கயோ போகும். எனக்கு ரிடயர்மெண்ட் வர்றது. உங்க மனுவ நான் பேப்பர்ல வாங்கிக்கறேன். ஸ்பெஷல் கேஸ்னு போட்டுடலாம். நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்தா போறும். சோதிச்சது நான்தான், புகார் தவறுதலா குடுத்துட்டேன்னு.”

ராஜபாண்டியின் மனத்தில் முதலில் எழுந்தது நன்றி. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. “எக்கா, ஒத்துக்கோக்கா. ஒனக்கு வேல கெடைக்கும்க்கா” என்று மெல்லச் சொன்னான். தன் வேலையும் நிலைக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கோகிலவாணி அதிகாரி பக்கம் முகத்தைத் திருப்பினாள். “கண்ணு தெரியாதவங்களுக்கு எத்தன எடம் மேடம்?”

“மூணு.”

“எத்தன மனு வந்துச்சு?”

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். தட்டும் சத்தம் நின்றது. “ஒண்ணும் வரலை.”

“ஒண்ணுகூடவா?”

“தகுதியானவா யாரும் விண்ணப்பிக்கலைன்னு எழுதி மேல அனுப்பிட்டோம். உங்கள மாதிரி படிச்சவா கம்மிதானேம்மா.”

“என்கூட கம்ப்யூட்டர் படிச்சதே பதினோரு பேரு மேடம். அதுல அஞ்சு பேரு இந்த வேலைக்குப் போடுறதா சொன்னாங்க.”

கோகிலவாணி இரண்டு கைகளையும் மடியில் கோத்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்த ஐந்து பேரும் தங்களுக்குத்தான் சரியாகக் கற்றுக்கொள்ளத் தெரியவில்லை என்று வெட்கப்பட்டு, வாய் திறக்காமல் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று அவளுக்குப் பட்டது. அவர்கள் யாராவது புகார் எழுதியிருந்தால், அவர்களுக்கும் அவள் பேரைத்தான் பதிலாக அனுப்பியிருப்பார்கள்.

“எழுதித் தாரேன் மேடம்” என்றாள். “எனக்குக் கையால பேரு மட்டுந்தான் எழுத வரும். ராஜா, பேனாவ எடு. நான் சொல்லச் சொல்ல எழுது.”

அதிகாரி நிம்மதியாக ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நகர்த்தினார். கோகிலவாணி நிறுத்தி நிறுத்தி இந்தியில் சொன்னாள்.

“கோகிலவாணி ஆகிய நான் இந்த இணையத்தளத்தைச் சோதிக்கவில்லை. பஸ் பாஸுக்கு என்று சொல்லி என் கைரேகையை வாங்கினார்கள். அதை வாங்கியவன் என் தம்பி ராஜபாண்டி.”

பேனா நின்றது.

“தம்பி, என்ன எழுதறேள்னு தெரியறதா?” என்றார் அதிகாரி. “இது என் மேஜைக்கு வந்துட்டா நான் மேல அனுப்பித்தான் ஆகணும். உங்க வேல போயிடும். கேஸ்கூட வரலாம்.”

ராஜபாண்டி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைக் கெஞ்சவில்லை, மிரட்டவுமில்லை. பேனாச் சத்தம் மறுபடி கேட்கிறதா என்று காத்திருந்தாள். அவனுக்குக் குழந்தையின் ஞாபகம் வந்தது. அம்மாவின் ஞாபகம் வந்தது. சாயங்காலம் சாய்நாத்திடமிருந்து வரப்போகும் போன் ஞாபகம் வந்தது. இதையெல்லாம் நினைத்துக்கொண்டே தன் பெயரை அந்தத் தாளில் எழுதினான்.

அவள் மேலே சொன்னாள். “பிறந்த தேதி, படம், நேரக் கெடு, இந்த மூன்று இடத்திலும் தளம் எனக்கு ஓடவில்லை. என்னைப் போன்ற வேறு யாருக்கும் ஓடியிருக்காது. மனு ஒன்றும் வராததற்கு அதுவே காரணம்.”

முடித்ததும், அவள் சொல்லாமலேயே அடியில் அவன் ஒரு வரி சேர்த்தான். சேர்த்ததை அவளுக்கு வாசித்தும் காட்டினான். “மேலே உள்ளது அத்தனையும் உண்மை. செய்தது நான். ராஜபாண்டி.”

கோகிலவாணி பேனாவை வாங்கி, அவன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

“யோசிச்சுக்கோங்கோம்மா” என்றார் அதிகாரி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. “இதக் குடுத்தா ஸ்பெஷல் கேஸ்னு என்னால எதுவும் செய்ய முடியாது. அடுத்த தடவ கூப்பிடறப்போ உங்களுக்கு வயசு தாண்டிடும்.”

“தாண்டட்டும் மேடம். தாண்டாதவங்க இருப்பாங்கல்ல. இத வாங்கிட்டோம்னு ஒரு நகல்ல முத்திரை போட்டுக் குடுங்க.”

அதிகாரி பெருமூச்சு விட்டார். நகல் எடுத்து வரச் சொல்லி, அதில் முத்திரையை வைத்துத் தேதி போட்டார். போட்டுவிட்டு, இத்தனை வருஷப் பழக்கத்தில், தாளை ராஜபாண்டியிடம் நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. “கம்ப்ளைண்ட் அவங்களோடது மேடம். அவங்ககிட்ட குடுங்க.”

கோகிலவாணி கையை நீட்டியபடி காத்திருந்தாள். தாளை வைத்துக்கொண்டு அதிகாரி தயங்கினார். கண் தெரியாத ஒருவர் கையில் ஒரு தாளை எப்படிக் கொடுப்பது என்று முப்பது வருஷ சர்வீஸில் அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.